சுத்தமான இறாலையும் ஏன் உரிக்கிறோம்

காலையில் சோதனைக் கூடத்துக்கு வந்ததும் எந்த மருந்தும் படாத சுத்தமான இறாலை எடுத்து, ஓடு உரித்து, குடல் நரம்பு நீக்கி, அரைத்துவிட்டுத்தான் வாடிக்கையாளரின் மாதிரியைத் தொட வேண்டும் என்ற விதியைப் பார்த்து நீங்கள் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். "ஒரே தடவையா அரைச்சு ஃபிரீசர்ல வெச்சா மாசம் பூரா வருமே, எந்தக் கிழவி போட்ட ரூல் இது?" என்று ஒருவர் கேட்டாராம். நான் போட்ட ரூல்தான். கிழவி என்றதற்கு எனக்குக் கோபமில்லை. ஓய்வு பெற்றவளை வேறு எப்படிச் சொல்வீர்கள். ஆனால் அந்த விதியை எடுத்துவிடலாம் என்று மேலிடத்துக்கு ஒரு மனு போயிருக்கிறதாம். அதற்குத்தான் கோபம். மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் இதைப் படித்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், வெளியாட்கள் யாராவது படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காக வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இறால் வளர்ப்பில் குளோராம்பெனிகால் என்ற மருந்துக்குத் தடை. ஒரு துளி இருந்தாலும் அந்த இறால் ஏற்றுமதிக்கு ஆகாது. அந்தத் துளியைப் பிடிக்க நாம் ஒரு பிளாஸ்டிக் பொடி செய்கிறோம். திருடர்கள் சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுப்பார்கள் அல்லவா, அந்த வேலைதான். மருந்தின் மூலக்கூறைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருவாக்கிவிட்டு, மூலக்கூறை மட்டும் கழுவி வெளியேற்றினால், அதன் வடிவத்திலேயே குழிகள் மிஞ்சும். அந்தப் பொடியைச் சிறு குழலில் அடைத்து இறால் சாற்றை ஊற்றினால் மற்றதெல்லாம் வழிந்துபோகும். அந்த மருந்து மட்டும் தன் குழியில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதைப் பிரித்தெடுத்துக் கருவியில் அளக்கிறோம். நாங்கள் அதை அச்சுப் பொடி என்றே சொல்வோம்.

ஆரம்பத்தில் இந்தப் பொடி என்னைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல. எவ்வளவு கழுவினாலும் அச்செடுக்கப் பயன்படுத்திய மருந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோதனையின்போது அது கசிந்து வந்து, இறாலில் மருந்து இருப்பதாகக் காட்டும். பொடி தானே திருடிவிட்டு இறாலைக் கைகாட்டியது. வெளிநாட்டுச் சோதனைப் பெட்டி விற்கிற ஒருவர், டை கட்டிக்கொண்டு வந்து, "ஒரகடத்துல கார் செய்யலாம் மேடம். இதெல்லாம் இங்க வராது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். வீம்புதான் எனக்கு. எட்டு மாதம் உட்கார்ந்தேன். கடைசியில் அந்த மருந்தைவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மூலக்கூறை வைத்து அச்செடுத்தேன். குழி ஏறக்குறைய அதே வடிவம்தான், இந்த மருந்து அதில் கச்சிதமாக உட்காரும். மிச்சம் மீதி கசிந்தாலும் கசிவது வேறு மூலக்கூறு, கருவி இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். கசிவுப் பிரச்சினை அத்தோடு ஒழிந்தது. டை கட்டியவர் அதற்கப்புறம் எங்கள் கேட் பக்கம் வரவில்லை.

அந்த வெற்றிக்குப் பிறகு எனக்கு ஒரு வாய்ப்பாடு வந்துவிட்டது. யார் என்ன சந்தேகம் கேட்டாலும், "பொடி பொய் சொல்லாது" என்பேன். கூட்டத்தில் சொல்வேன், போனில் சொல்வேன், கேன்டீனில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று யாராவது சொன்னால்கூடப் பிள்ளைகள், "பொடி பொய் சொல்லாது மேடம்" என்று என்னையே கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

அப்போதுதான் அந்த மெட்ராஸ் ஐ வந்தது. மழைக்காலத் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரை ஒரு ஹாஸ்டல் பாக்கியில்லை. ஒரு அறையில் நான்கு பெண்கள் படுத்தால் நான்கு பேருக்கும் கண் சிவந்தது. எங்கள் ஒரகடம் தொழிற்சாலையில் பாதிப் பேர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு லைனில் நின்றார்கள். யாருக்கும் லீவு கிடையாது. முதலுதவி அறை சிஸ்டர் ஒரு பெரிய டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, குண்டுமணியைவிடச் சற்றே பெரிய கேப்சூல்களைக் காகிதத்தில் மடித்து மடித்துக் கொடுத்தார். நுனியைக் கத்தரித்து, உள்ளேயிருக்கும் களிம்பைக் கண்ணில் பிதுக்கிக்கொள்ள வேண்டும். எனக்கும் கண்வலி வந்தது. சர்வீஸ் முழுக்க ஒருநாளும் லீவு போடாதவள் என்ற கர்வம் எனக்கு. நானும் ஒரு காகிதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, மணிமங்கலத்திலிருந்து வழக்கம்போல கம்பெனி பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடியோடு வந்தேன்.

அந்த வாரம் எங்கள் சோதனைக் கூடத்தில் இறால் உரிக்கிற முத்துச்செல்வி ஊரில் இல்லை. சாத்தான்குளம் பக்கத்துப் பெண், ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள், கை அவ்வளவு சுத்தம். ஊரில் அம்மன் கோயில் கொடை விழா என்று போயிருந்தாள். அந்த வாரம் வந்த மாதிரிகள் எல்லாம் உரித்துப் பாக்கெட்டில் போட்ட இறால், கத்தரித்து நேரே அரவையில் கொட்டினால் போதும். ஒன்றே ஒன்றுதான் தலையும் ஓடுமாக வந்தது. பழவேற்காட்டுப் பக்கம் ஏழுமலை என்பவரின் பண்ணையில் பிடித்த இறால். ஏற்றுமதி நிறுவனம் அதை வாலாஜாபாத் சாலையில் இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் வைத்துவிட்டு, மாதிரியை மட்டும் எங்களிடம் அனுப்பியிருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு அதை நானே உரித்தேன்.

மருந்து இருப்பதாக வந்தது. எனக்கே ஆச்சரியம், ஏனென்றால் அந்தப் பண்ணை இறால் அதற்கு முன்பு பலமுறை சுத்தமாக வந்திருக்கிறது. சந்தேகம் வந்ததும் என்ன செய்தேன் என்பதைக் கவனியுங்கள். மறுநாள் நானே மறுபடி உரித்தேன், நானே மறுபடி ஓட்டினேன். மறுபடியும் மருந்து. கூடவே ஓட்டிய சுத்தமான இறாலில் ஒன்றுமில்லை. ஒப்பிடுவதற்காக ஓட்டிய, குழி இல்லாத வெறும் பொடியிலும் ஒன்றுமில்லை. எல்லாக் கதவையும் பூட்டிப் பார்த்துவிட்டேன் என்று நினைத்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள் தெரியுமா? கிடங்கில் இருக்கிற அத்தனை இறாலையும் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். பண்ணையின் பதிவு ரத்தாகும். அதற்கப்புறம் அந்த மனிதரிடம் எந்த நிறுவனமும் இறால் வாங்காது. புதைப்பதற்கு அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி என்று நாள் குறித்தார்கள்.

புதன்கிழமை காலை ஏழுமலை எங்கள் கேட்டில் வந்து நின்றார். பொன்னேரி வந்து, சென்னை வந்து, தாம்பரம் வந்து, பஸ் மாறி மாறி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு நோட்டு. எந்த நாளில் குட்டையில் என்ன தீனி போட்டார், எவ்வளவு தண்ணீர் மாற்றினார் என்று எல்லாம் அதில் எழுதியிருந்தார்.

"நானு மருந்து போடல மேடம். இத்த பாருங்க, ஒரு நாளு வுடாம எழுதிக்கீறன்."

நான் நோட்டைப் பிரிக்கவேயில்லை. எத்தனை நோட்டுப் பார்த்திருக்கிறேன். மருந்து போட்டவர்களின் நோட்டுத்தான் இருப்பதிலேயே சுத்தமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

"ரெண்டு தடவை பாத்தாச்சுங்க. பொடி பொய் சொல்லாது" என்றேன்.

"பொடி சொல்லாது. அப்போ நான் பொய் சொல்றனா?"

"ஆமா. நீங்கதான் பொய் சொல்றீங்க."

இப்படித்தான் சொன்னேன். இதைவிட நாகரிகமாகச் சொன்னதாக உங்களிடம் மாற்றிச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் இப்படித்தான் சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண், செக்யூரிட்டி, கூரியர் கொடுக்க வந்தவர் எல்லாரும் கேட்டார்கள். ஏழுமலை நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். மாலை ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தால், எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

பஸ் வரப் பத்து நிமிஷம் இருந்தது. கண் எரிச்சலில் தண்ணீராகக் கொட்டியது. தலைவலிக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்காததுபோல நின்றேன். அவர்தான் பேசினார்.

"இன்னா மேடம், மெட்ராஸ் ஐயா?"

"ஆமா."

"எங்காண்டகூட ஒர்த்தனுக்கு வந்துச்சு. தீனி போடற ஆளு. கரைப்பக்கமே வராதேன்னு வூட்டுக்கு அனுப்பிட்டேன். கண்ணு மருந்து போட்ட கையால தீனியத் தொட வுடுவனா நானு? அவ்ளோ ஜாக்கிரதையா இருந்துகினு, இன்னிக்கு ஒங்க கையால பொய்யன்னு பேர் வாங்கிகினேன்."

அவர் தன் ஜாக்கிரதையைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார், அவ்வளவுதான். என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான்தான் எரிச்சலோடு கேட்டேன், "கண்ணு மருந்துக்கும் தீனிக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று நினைத்திருப்பார்.

"இன்னா மேடம் தெரியாத மாதிரி கேக்கிற? கண்ணுல போடற களிம்புல அதான கீது. நீ என் பேர்ல எழுதினியே, அதே மருந்து. மீட்டிங் போட்டு சொன்னாங்களே எங்களுக்கு. கண்ணு மருந்து, காது மருந்து போட்டவன் எவனும் குட்டையாண்ட வரக்கூடாதுன்னு."

என் கையில் டீ இருந்தது. அதைக் குடித்தேனா, அங்கேயே வைத்தேனா என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. கேட்டுக்குள் திரும்பி நேரே முதலுதவி அறைக்குப் போனேன்.

"சிஸ்டர், கேப்சூல் குடுக்கிறீங்களே, அந்த டப்பாவைக் காட்டுங்க."

டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்தது, குளோராம்பெனிகால் கண் களிம்பு என்று. அந்த மூலக்கூறின் படத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவேன். அதற்கு எட்டு மாதம் குழி வெட்டியவள் நான். பிரித்துக் கொடுத்த பொட்டலத்தில் பேர் இல்லை என்பது ஒரு சாக்கா? கண்ணில் என்ன போடுகிறோம் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குட்டைக் கரையில் நிற்கிற மனிதர் கேட்டிருந்தார்.

கையுறை போட்டிருந்தேனே என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டிருந்தேன். கண்ணில் நீர் வடிந்தபோதெல்லாம் கையுறை மாட்டிய விரலால்தான் கண்ணாடியைத் தூக்கித் துடைத்தேன். நீரோடு களிம்பும் வழிந்திருக்கிறது. அதே விரலால் இறாலை ஒவ்வொன்றாகப் பிடித்து உரித்தேன். கூட ஓட்டிய சுத்தமான இறால் ஏன் தப்பித்தது என்றால், அதை முந்தின மாதமே முத்துச்செல்வி உரித்து அரைத்துப் பொட்டலமாக உறையவைத்திருந்தாள். அது என் விரலைப் பார்க்கவேயில்லை. மாதிரி பட்ட பாட்டை அது படவில்லை, ஆனாலும் அதைச் சாட்சியாக வைத்து நான் ஒரு மனிதரைப் பொய்யன் என்றேன். பொடி உண்மையைத்தான் சொன்னது. மருந்து இருக்கிறது என்றது, இருந்தது. யார் கொண்டுவந்தது என்று அது எப்படிச் சொல்லும்? அதை நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் வியாழன், முத்துச்செல்வி ஊரிலிருந்து வந்துவிட்டாள். அந்தத் தளத்திலேயே வெள்ளை விழியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். நடந்ததையெல்லாம் சொல்லி, உரிக்காமல் மீதி வைத்திருந்த இறாலை அவள் முன்னால் வைத்தேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"மேடம், என்கிட்ட குடுக்காதிய. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம் பேருதான் வரும். நான் கான்ட்ராக்ட்டுலா."

"கையெழுத்து என்னுது. உன் பேர் எதுலயும் வராது."

"நீங்க அப்படித்தான் சொல்லுவிய. மேல உள்ளவங்க சொல்லணுமே."

பிறகு கையைக் கழுவப் போனாள். முழங்கைவரை இரண்டு தடவை கழுவினாள். நான் அறைக்கு வெளியே கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவள் முதலில் உறைபெட்டியில் ஓட்டோடு இருந்த சுத்தமான இறாலை உரித்தாள், அப்புறம் ஏழுமலையின் இறாலை உரித்தாள். இரண்டிலும் ஒன்றுமில்லை. அதோடு விடவில்லை. நான் புதுக் கையுறை மாட்டி, களிம்பு போட்ட கண்ணைத் துடைத்து, சுத்தமான இறாலில் கொஞ்சத்தை வேறொரு மேசையில் உரித்தேன். மருந்து வந்தது. நான் செய்த தப்பை நானே மறுபடி செய்து காட்டினேன். என் வேலையில் அதைவிடத் தெளிவான சோதனை எதையும் நான் செய்ததில்லை, அதைவிட வெட்கப்பட்டதும் இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனேன். நல்ல மனிதர்தான், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கோபப்படவில்லை.

"மேடம், நம்ம ரிப்போர்ட்ட நாமளே வாபஸ் வாங்கினா, இதுவரைக்கும் குடுத்த எல்லா ரிப்போர்ட்டையும் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். பதில் சொல்லலாம்."

"ஃபர்ஸ்ட் எய்டுல களிம்பு குடுத்ததே கம்பெனிதான்னு வெளிய வரும்."

"உண்மைதானே சார்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "சரி, வாபஸ் வாங்கலாம். ஆனா லேப் ஹெட் தப்புன்னு போக வேணாம். உரிக்கிற பொண்ணு கான்ட்ராக்ட்தானே. ஆள் தவறு, ஆளை எடுத்தாச்சுன்னு எழுதி க்ளோஸ் பண்ணிடுவோம். அவளுக்கு வேற கம்பெனில நானே சொல்லி வாங்கித் தரேன். அவளுக்கும் நஷ்டமில்ல."

"அவ அந்த வாரம் ஊர்லயே இல்ல சார்."

"அதை யார் பாக்கப்போறா?"

"நான் பாத்தேனே சார்."

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்தோடு பேசி முடிவெடுக்கலாம், அதுவரை கம்பெனி தாளில் எதுவும் வெளியே போகக் கூடாது என்றார். திங்கட்கிழமை! வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குழி வெட்டுகிறார்கள். வெளியே வந்தபோது முத்துச்செல்வி வாசலில் நின்றிருந்தாள். "எம் பேரு வந்துச்சா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். வந்துச்சு, நான் வுடல என்றேன்.

இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது இருக்கிறது. எதிர்த்து நிற்கும்போது பயமில்லாமல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். என் இரண்டு பிள்ளைகளும் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைவரை காத்திருந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், மேலதிகாரி சொன்னதைக் கேட்டாள் என்று நல்ல பேர்கூடக் கிடைத்திருக்கும். நம் வேலையில் தப்பு செய்பவர்களைவிட, திங்கட்கிழமைவரை காத்திருப்பவர்கள் செய்கிற கேடு அதிகம். நிறையப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கம்பெனி தாள் கிடையாது என்றால் சாதாரண வெள்ளைத் தாள் கடையில் கிடைக்கும். கையால் எழுதினேன். எந்த அறிக்கை, என்ன தவறு, எப்படி நடந்தது, மறுசோதனையில் என்ன வந்தது, தவறு செய்தது நான், என் பெயர், என் பதவி. வெள்ளிக்கிழமை காலை, சர்வீஸிலேயே முதல் முறையாக லீவு சொல்லிவிட்டு, ஒரகடம் கூட்டுரோட்டில் வாலாஜாபாத் பஸ் பிடித்தேன்.

கிடங்கின் பின்பக்கக் காலி இடத்தில் ஜே.சி.பி. குழியை வெட்டி முடித்திருந்தது. சுண்ணாம்பு மூட்டைகள் இறங்கியிருந்தன. சரக்குக்கு உரியவர் முன்னால்தான் புதைக்க வேண்டும் என்பதால் ஏழுமலையையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் குழி ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, இதையும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாளா என்று நினைத்திருப்பார் போல, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிடங்கு மேனேஜரிடம் தாளை நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு போனை என்னிடமே கொடுத்தார்.

"என்ன மேடம், வெள்ளை பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கீங்களாம். கம்பெனி சீல் இருக்கா?"

"சீல் இல்ல சார். என் கையெழுத்து இருக்கு."

"வெறும் கையெழுத்தை வெச்சு நாங்க எப்படி நிறுத்தறது?"

"அந்தக் கையெழுத்தை நம்பித்தானே சார் புதைக்க வந்தீங்க? புதைக்கிறதுக்குப் போதும், நிறுத்தறதுக்குப் போதாதா?"

எதிர்ப்பக்கம் யாரிடமோ கலந்து பேசுவது கேட்டது. பிறகு, வேறு சோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்புகிறோம், முடிவு வரும்வரை சரக்கு அப்படியே இருக்கட்டும் என்றார்கள். ஜே.சி.பி. ஓட்டுநர் இஞ்சினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். பிறகு வந்த முடிவில் இறால் சுத்தம் என்று இருந்தது, பண்ணையின் பதிவும் தப்பியது. உங்களுக்குக் கதை இங்கேயே முடிந்ததாகத் தோன்றலாம்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏழுமலை கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், மறைக்கவில்லை. ஜே.சி.பி. நின்றதும் அவர் என்னிடம் வந்து, மேனேஜரிடமிருந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

"எல்லாம் கரெக்டாத்தான் எழுதிக்கீற. ஒண்ணு வுட்டுட்ட."

"என்னங்க வுட்டேன்?"

"கண்ணு மருந்து, கை, இறாலு எல்லாம் கீது. நானு வந்து சொன்னது எங்க? உண்மைய சொன்னவன பொய்யன்னு சொன்னியே, அது எங்க?"

அவர் தாளை என்னிடம் நீட்டினார்.

"இறால காப்பாத்திட்ட, சரி. கேட்டாண்ட அத்தினி பேர் முன்னாடி என் பேர எடுத்தியே, அத்த எப்டி தருவ? எழுது மேடம்."

ஒரு சோதனை அறிக்கையில் இப்படியெல்லாம் எழுத இடமில்லை. மாதிரி எண், முறை, அளவு, கையெழுத்து, அவ்வளவுதான் உலகம் முழுக்க. யார் வந்து என்ன சொன்னார், நாம் கேட்டோமா இல்லையா என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. அந்த மனிதர் கட்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. கிடங்கு மேனேஜரிடம் பேனா வாங்கி, தாளின் அடியில் எழுதினேன்: "பண்ணை உரிமையாளர் திரு. ஏழுமலை தாம் மருந்து பயன்படுத்தவில்லை என்று நேரில் வந்து கூறினார். அவர் கூறியது உண்மை. நான் கேட்க மறுத்து, பலர் முன்னிலையில் அவரைப் பொய்யர் என்றேன். தவறு கண்டுபிடிக்கப்பட்டது அவர் சொன்ன தகவலால்." அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இப்போ கையெழுத்து போடு" என்றார். போட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். மெமோ வந்தது, விசாரணை வந்தது, அறிக்கையில் கையெழுத்துப் போடுகிற உரிமையை என்னிடமிருந்து எடுத்தார்கள். சண்டை போட்டு இரண்டு காரியம் சாதித்தேன். கண் நோய் வந்தவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு என்று ஆயிற்று. சுத்தமான இறாலையும் அதே நாளில், அதே கையால், அதே மேசையில் உரிக்க வேண்டும் என்ற விதி வந்தது. நீங்கள் முணுமுணுக்கிற விதி அதுதான். முத்துச்செல்வியை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டேன், அது மட்டும் நடக்கவில்லை. அவள் வேறு இடத்துக்குப் போய்விட்டாள், இப்போது எங்கிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஒரு வருஷம் கழித்து ஜி.எம். கூப்பிட்டார். அறிக்கையை வாபஸ் வாங்கியது சரியென்று தலைமை அலுவலகமே இப்போது ஒப்புக்கொள்கிறது, உங்கள் கடிதத்தைக் கம்பெனி தாளில் முறைப்படி அடித்துக் கோப்பில் வைக்கலாம், கையெழுத்து உரிமையும் திரும்பி வந்துவிடும் என்றார். அச்சடித்த தாளை என் முன்னால் வைத்தார். படித்தேன். எல்லாம் இருந்தது, கண் களிம்பு இருந்தது, கையுறை இருந்தது, என் பெயர் இருந்தது. ஏழுமலை இல்லை.

"கடைசிப் பத்தி விட்டுப்போச்சு சார்" என்றேன்.

"அது டெக்னிக்கல் ரிப்போர்ட்டுக்குத் தேவையில்லாதது மேடம். உங்களுக்கே தெரியும். அதை எடுத்தாதான் ஃபைல்ல போட முடியும். கையெழுத்து போடுங்க, நாளையிலருந்து நீங்கதான் பழையபடி சைனிங் அத்தாரிட்டி."

பேனாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். நான் அதை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஓய்வு பெறும்வரை எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. என்னிடம் வேலை பழகியவர்கள் போட்டார்கள், நான் பக்கத்தில் நின்று இறால் உரித்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அந்த வெள்ளைத் தாளின் நகல் ஏழுமலை வீட்டில் இருக்கிறது. அதை லேமினேட் செய்து வைத்திருப்பதாகவும், யாராவது அவர் இறாலைப் பற்றிச் சந்தேகமாகப் பேசினால் முதலில் கடைசிப் பத்தியைப் படிக்கச் சொல்வதாகவும் கேள்விப்பட்டேன். நான் கையெழுத்துப் போட்டதில் ஒரு மனிதர் எடுத்து வைத்துக்கொண்ட அறிக்கை அது ஒன்றுதான்.